சோற்றைத் துறப்போரும் எலும்பின் நலனும்

புதுச்சேரியில் வயது வந்தோருள் நூற்றுக்கு 26 பேர் நீரிழிவுடையோர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியிட்டது. கோவாவுக்கு அடுத்தபடி தேசத்திலேயே மிக உயர்ந்த விகிதம் இதுவே. ஆகவே, நெற்களஞ்சியமெனப் பெயர் பெற்ற பாகூரிலும், ஏரி சூழ்ந்த வில்லியனூரிலும் சோற்றின் மீது ஐயம் எழுவதில் வியப்பில்லை. குறைத்துண்பது நன்றே. ஆனால் "கீட்டோ", "பேலியோ" என்னும் பெயர்களால் தானியத்தை அடியோடு துறக்கும் முன், எலும்பின் கதி யாதென ஆராய வேண்டாமோ?

கீட்டோ முறையில் நாளொன்றுக்கு மாவுச்சத்து 50 கிராமுக்கு மேற்படலாகாது. நூறு கிராம் அரிசியிலேயே 78 கிராம் உண்டு. மாவுச்சத்து அற்ற தேகம் கொழுப்பை எரிக்க, கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. அவ்வமிலத்தைத் தணிக்க எலும்பிலுள்ள கார உப்புக்கள் செலவாகலாம் என்பது வைத்திய சாஸ்திரிகள் கூறும் காரணங்களுள் ஒன்று.

இம்முறை 1921-ல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் காக்கைவலிப்புக்கென வகுக்கப்பட்டது. அந்நோய்க்காக இதனைக் கைக்கொண்ட 25 குழந்தைகளைப் பதினைந்து மாதம் சோதித்து, 2008-ல் வெளியிட்ட ஆய்வில் எலும்பின் தாதுச்சத்து படிப்படியாகக் குறைந்தமை தெரிந்தது. 2020-ல் வெளியான மற்றோர் ஆய்வில், நடைப்பந்தய வீரர்களுக்கு மூன்றரை வாரத்திலேயே எலும்புத் தேய்வின் குறிகள் உயர்ந்தன.

மறுபக்கத்தையும் மறைப்பது நியாயமன்று. பருத்த தேகமுள்ள பெரியோரை ஓராண்டு கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வு, மாவுச்சத்தைக் குறைத்தோருக்கும் மற்றையோருக்கும் எலும்பின் அடர்த்தியில் வேற்றுமை காணவில்லை. எனவே எல்லோருக்கும் கேடு என்பதும், எவருக்கும் கேடில்லை என்பதும் ஒருங்கே பிழை. வளரும் சிறுவரும், மாதவிடாய் நின்ற மாதரும் அதிகமாக அஞ்சுதல் தகும்.

நமது நாட்டில் இவ்விஷயத்துக்கு வேறொரு முகமும் உண்டு. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்ஷியம் வேண்டும். அரிசியில் அது அற்பமே. கேழ்வரகிலோ நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேலுண்டு. தானியம் யாவும் விஷமெனக் கருதிக் கேழ்வரகையும் துறப்பவர், தயிரும் முருங்கைக்கீரையும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் சேர்த்துக்கொள்ளாவிடின், எலும்புக்கு உணவேது?

நீரிழிவு மருந்துண்போர் வைத்தியரைக் கேளாமல் உணவைத் திடீரென மாற்றினால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழவும் கூடும். கிராமங்களில் பொதுத்தொண்டு புரியும் அன்பர்கள் இதனை ஜனங்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். சர்க்கரைப் பரிசோதனைக்கு வருவோரிடம் எலும்பைப் பற்றியும் விசாரிக்குமாறு ஆரம்ப சுகாதார நிலையங்களை வற்புறுத்துதலும் அவர்கள் கடமையே. இரத்தத்தின் சர்க்கரை ஒரு துளியில் தெரிந்துவிடும். எலும்பின் தேய்வோ முறியும் நாள் வரை வாய் திறவாது.