உலகச் சந்தையும் வன்னிப் பெண்டிரும்

உலகமயமாக்கம் என்பது கொழும்புத் துறைமுகத்துக்கும் கட்டுநாயக்காவுக்குமே உரிய சங்கதி என்று எண்ணுவோர் எம்மிடையே பலர் உளர். வன்னி மண்ணுக்கு அது செத்தல் மிளகாயோடு வந்தது என்பதைப் பழைய மாணவருள் மூத்தோர் அறிவர்.

1970 ஆம் ஆண்டின் பின் செத்தல் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய குடியேற்றத் திட்டங்களிற் காணி பெற்ற படித்த வாலிபர்கள் மிளகாய்ச் செய்கையாற் கைநிறையப் பணங் கண்டனர். 1977 இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிடவே விலை வீழ்ந்தது. தோட்டக்காரன் நட்டப்பட்டான் என்றே இக்கதை இன்றும் சொல்லப்படுகின்றது. நாற்று நட்டு, களை பிடுங்கி, பழம் ஆய்ந்து, பாயிற் பரப்பி உலர்த்தியவர் பெரும்பாலும் பெண்களே. அவர்தம் நாட்கூலியும் உடன்போயிற்று; அதனைக் கணக்கில் எழுதுவாரில்லை. விலை ஏறியிருந்த நாளிலும் பணம் காணி அனுமதிப் பத்திரத்திற் பெயருள்ளவன் மடிக்கே சென்றது என்பதையும் மறைத்தல் தகாது.

மனித விருத்தியை வருமானத்தால் மட்டும் அளத்தல் பிழை என்பதை வற்புறுத்தி, மஹ்பூப் உல் ஹக் என்னும் பாகிஸ்தானியப் பொருளியலாளர் 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் முதல் அறிக்கையை ஆக்குவித்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் அதன் அளவுகோல்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை அளக்கும் தனிச் சுட்டெண்கள் 1995 ஆம் ஆண்டு அறிக்கையிலேதான் இடம்பெற்றன. ஐந்து ஆண்டு தாமதம்!

2009 இற் போர் முடிந்தபின் உலகச் சந்தை வேறு வேடத்தில் வந்தது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஏற்றுமதிக்கான ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கணவனை இழந்த பெண்ணுக்கும் தகப்பனை இழந்த மகளுக்கும் மாதச் சம்பளம் கிடைத்தது. இதனை இகழ்ந்து பேசுவோர் அவ்வீடுகளின் அடுப்பைப் பார்த்தறியாதவர். அதே காலத்தில் வயல்களுக்கு அறுவடை இயந்திரம் வந்தது. அருவி வெட்டிக் கூலி பெற்ற பெண்கள் வரம்பில் நின்று பார்க்க, ஓர் ஆண் அதனை ஓட்டிச் சென்றான்.

தொழிற்சாலைப் பெண்ணுக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் அவள் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. வயற் கூலிக்கு இது கிடைப்பதில்லை. அந்நிதியை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பெறலாம். திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண் முன்னதாகவே பெறலாம். சலுகைதான், ஆயினும் அவள் முதுமைக்கென வைத்த பணம் சீதனத்தோடு கலந்துவிடுகின்றது. 2025 இல் அமெரிக்கா எம் நாட்டுப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்துப் பின்னர் அதனை 20 வீதமாக்கியபோது, வாஷிங்டன் செய்தியை எம்மூர்த் தாய்மார் கவலையோடு கேட்டனர்.

ஆண்பிள்ளைகளை உலகம் வேறு வழியில் அழைக்கின்றது. கனடாவுக்கோ இலண்டனுக்கோ போகலாம் என்னும் நினைவிற் பாடப்புத்தகத்தை மூடிவைக்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். மகனின் பயணத்துக்குக் காணியை விற்கும் வீடு, மகளின் உயர்தரப் படிப்புக்குப் பஸ் செலவை எண்ணிப் பார்க்கின்றது.

சென்ற ஆண்டு எம் தமிழ் வகுப்பின் முதல் மாணவி ஆடைத் தொழிற்சாலை வேலைக்குச் செல்ல விடுகைப் பத்திரம் கேட்டாள். தமையனின் பயணக் கடனை அடைக்க வேண்டுமாம். தகப்பனார் எம் முகத்தைப் பார்த்து நின்றார். நாம் ஒரு வார்த்தையும் சொல்லாது படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். அண்மையில் அவள் ஒரு ஞாயிறன்று வீட்டுக்கு வந்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாமா என்று கேட்டாள். ஆம் என்றோம். எம்மிடமிருந்த நன்னூற் பிரதியை வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியற்காலை வேலை என்று விரைந்து சென்றாள்.