நாசிலைக் கவனித்தால் டீசல் மிச்சம்

ஏற்காட்டை அடுத்த கிளியூர் முதலிய சேர்வராயன் மலைக் கிராமங்களில் கார்த்திகை, மார்கழி மாதங்கள் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பறித்த பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்கிவிட வேண்டும். என்ஜின் நின்று பழம் குவியலாகக் கிடந்தால் புளித்துவிடும். காப்பியின் தரம் கெட்டு விலையும் குறையும். பழ மூட்டை ஏற்றிய ஜீப் மேட்டில் இழுக்காமல் நின்றாலும் இதே நஷ்டம்தான். இத்தகைய கோளாறுகளில் பல, நாசில் எனப்படும் இன்ஜெக்டரில் தொடங்குகின்றன.

டீசல் என்ஜினில் பிளக் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசலைப் பனிபோல் தூவினால் அது தானே பற்றிக் கொள்கிறது. தூவும் வேலை நாசிலுடையது. அதன் ஊசிக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி 2 அல்லது 3 மைக்ரான். தலைமயிரின் கனமோ சுமார் 70 மைக்ரான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியும் ஊசியைத் தேய்த்துவிடும். தண்ணீர் கலந்தால் துருப்பிடிக்கும். பிறகு டீசல் தூவலாக வராமல் சொட்டத் தொடங்கும்.

அறிகுறிகள்

கரும்புகை, தட்டும் ஓசை, எளிதில் ஸ்டார்ட் ஆகாமை, இழுவைக் குறைவு, டீசல் அதிகம் செலவாதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். ஆனால் புகை கண்டதும் நாசிலைக் கழற்ற வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. பழைய வகை என்ஜின்கள் மலையில் சற்றுப் புகைப்பது இதனால்தான். முதலில் ஏர் பில்டரைச் சுத்தம் செய்து பார்க்கவும். அதன் பின்னும் புகை குறையாவிட்டால் நாசிலைச் சோதிக்கலாம்.

கழற்றும் முறை

பம்பும் நாசிலும் தனித்தனியே உள்ள பழைய என்ஜின்களுக்கே இம்முறை பொருந்தும். என்ஜின் நின்று ஆறிய பிறகு, நாசிலைச் சுற்றியுள்ள அழுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். குழாய்களைக் கழற்றியதும் வாய்களைச் சுத்தமான மூடியால் அடைப்பது அவசியம். நுனியில் படிந்த கரியைப் பித்தளைக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் போடுவதும், கிடைத்த கம்பியால் துளையைக் குத்துவதும் கூடாது. துளை பெரிதானால் நாசில் வீணாகிவிடும். ஒரு நாசிலின் ஊசியை மற்றொன்றின் கூட்டில் போடக் கூடாது. இரண்டும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. திரும்பப் பூட்டும்போது பழைய செம்பு வாஷரை எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

எந்த அழுத்தத்தில் நாசில் திறக்கிறது, சொட்டுகிறதா என்பதை டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடையில் சோதனைக் கருவியில் வைத்துத்தான் அறிய முடியும். திறக்க வேண்டிய அழுத்தம் என்ஜினுக்கு என்ஜின் மாறும். கையேட்டில் உள்ள அளவையே வைக்கச் சொல்ல வேண்டும்.

இப்போதைய காமன் ரெயில் ஜீப், பிக்-அப் வண்டிகளில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கும் மேல் செல்லும். அவற்றைத் தோட்டத்தில் கழற்றவே கூடாது.

கை பத்திரம்

நாசில் தூவும்போது விரலை முன்னே நீட்டுவது பேராபத்து. டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் இராது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரலாம். வலிக்காகக் காத்திராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே சென்று, டீசல் புகுந்தது என்று சொல்ல வேண்டும்.

வருமுன் காப்பு

டாங்கில் பாதி டீசலோடு இரவு விட்டால், மலைக் குளிரில் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்கும். எனவே மாலையிலேயே டாங்கை நிரப்பி வைப்பது நல்லது. கேனில் வாங்கிய டீசலை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடிவண்டல் கலங்காமல் மெல்லிய சல்லடை வழியே ஊற்றவும். நாகம் பூசிய வாளி, டிரம் வேண்டாம். நாகம் டீசலில் கரைந்து நாசிலில் படியும். பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்து விட வேண்டும். குறித்த மணிக்கணக்கில் பில்டரை மாற்ற வேண்டும். பழம் பழுப்பதற்கு ஒரு மாதம் முன்பே நாசிலைச் சோதித்து வைத்தால், பறிப்பு நாளில் மெக்கானிக்கைத் தேடிச் சேலத்துக்கு இறங்கும் அலைச்சல் மிச்சம்.