நாற்பது தலைமுறைத் தச்சர்

குடும்ப வியாபாரம் மூன்று தலைமுறைக்கு மேல் நிலைப்பதில்லையென்று கடைவீதியில் பேசிக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பாகப்பிரிவினை வியாஜ்யங்களில் கரைந்துபோன கடைகளை நினைத்தால், அப்பேச்சைப் பொய்யென்று தள்ள நமக்கும் துணிவு வரவில்லை. ஆயினும் ஜப்பான் தேசத்தில் ஒஸாகா நகரத்துத் தச்சர் குடும்பமொன்றின் சரித்திரத்தை நம் நேயர்கள் அறிந்துகொள்வது நலமென்று கருதுகிறோம்.

கொங்கோ குமி என்பது அந்த ஸ்தாபனத்தின் பெயர். கொரியாவிலிருந்த பெக்சே ராஜ்யத்தினின்று வந்த கொங்கோ என்னும் தச்சர், ஷிதென்னோஜி என்ற பௌத்த ஆலயத்தைக் கட்டும்பொருட்டு 578-ம் வருஷத்தில் அதைத் தொடங்கினாரென்று அக்குடும்பத்தார் கூறுவர். அன்று முதல் 2006-ம் வருஷம் வரையில் நாற்பது தலைவர்கள் அதை நடத்தினார்கள். யுத்தமும் தீயும் ஆலயத்தைப் பலமுறை அழித்தன. ஒவ்வொரு முறையும் மீண்டும் கட்டும் வேலை இவர்களுக்கு வந்தது.

இவ்வளவு காலம் நிலைத்ததற்கு இரத்த சம்பந்தமே காரணமென்று நினைப்போர் ஏமாந்துபோவார்கள். மூத்த மகன் என்ற ஒரே காரணத்தால் யாருக்கும் அங்கே தலைமை கிடைத்துவிடவில்லை. திறமையற்ற மகனை விலக்கி இளையவனுக்குப் பட்டம் கட்டினார்கள். மகனில்லாதபோது தக்க தச்சன் ஒருவனை மருமகனாக வரித்து, கொங்கோ என்ற பெயரையே அவனுக்குச் சூட்டினார்கள். உளிபிடித்த கைக்கு முதல் மரியாதை. பிறப்புக்கு அதற்கடுத்த இடம்! தந்தையின் நாற்காலி தனக்கே உரியதென்று பிறந்த நாள் முதல் நம்பும் நம் செல்வப் பிள்ளைகள் இதைக் கேட்டு என்ன சொல்வார்களோ, அறியோம்.

1868-ல் மெய்ஜி அரசாங்கம் ஷின்டோ மதத்தைப் பௌத்தத்தினின்று பிரித்தபோது, ஆலயங்கள் நிலங்களை இழந்தன. ஷிதென்னோஜியிலிருந்து வருஷந்தோறும் இக்குடும்பத்துக்கு வந்த மானியமும் நின்றது. அதிலும் கொடியது 1930-க்குப் பின் வந்த வியாபார மந்தம். கடன் தாங்கமாட்டாத 37-வது தலைவர் 1932-ல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி யோஷியே அம்மாள் அழுது மூலையில் அமரவில்லை. 38-வது தலைவராகத் தாமே பொறுப்பேற்றார். அதுவரையில் ஒரு ஸ்திரீ அப்பதவியில் இருந்ததில்லை. 1934-ல் அடித்த பெரும் புயலில் ஆலயத்தின் ஐந்து நிலைக் கோபுரம் சாய்ந்தது. அதை மீண்டும் எழுப்பும் வேலையைப் பெற்று, 1940-ல் அந்த அம்மாள் முடித்துக் கொடுத்தார். ஐந்து வருஷத்தில், 1945-ல், விமானக் குண்டுகளால் அதுவும் எரிந்து போயிற்று. யுத்த காலத்தில் கோவில் வேலை இல்லாதபோது தச்சர்கள் மரப்பெட்டிகளையும் சவப்பெட்டிகளையும் செய்து பிழைத்தார்கள். அதை யாரும் இழிவென்று கருதவில்லை.

பஞ்சத்தையும் புயலையும் குண்டையும் தாங்கிய இந்த ஸ்தாபனத்தை வீழ்த்தியது சுபிக்ஷ காலமென்பதுதான் வியப்பு. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானில் நிலவிலை ஏறிக்கொண்டே போயிற்று. ஊரெல்லாம் நிலத்தில் பணம் போடும்போது தச்சன் மட்டும் சும்மாயிருப்பானா? இவர்களும் கடன் வாங்கி நிலங்களை வாங்கினார்கள். 1990-களில் விலை சரிந்தது. நிலம் மதிப்பிழந்தது, கடன் அப்படியே நின்றது. கோவில் வேலைகளும் குறைந்துபோயின. 2006-ம் வருஷம் ஜனவரியில் தகமட்சு என்ற பெரிய கட்டிடக் கம்பெனி இந்த வியாபாரத்தை ஏற்றுக்கொண்டது. குடும்பத்தின் சுதந்திர நிர்வாகம் அத்துடன் முடிந்தது.

தச்சர்களின் கதி என்னவாயிற்று என்று நம் நேயர்கள் கேட்கக்கூடும். கைமாறிய பிறகும் அவர்களுள் பெரும்பாலோர் அதே பெயரில் கோவில் வேலையைத் தொடர்ந்தார்கள். ஷிதென்னோஜியில் பழுதுபார்க்கும் பணியும் நிற்கவில்லை.