வெள்ளித் தூசி

பினாங்கின் ஜெலுத்தோங் பக்கம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையிலேயே பஃப் மோட்டாரை போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அப்பா விட்டுப்போன பழைய ஹோண்டாவின் எஞ்சின் கவர் இரண்டையும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மோட்டார் முன்னால் நின்ற தம்பிக்குப் பதினேழு வயது இருக்கும். முகம், இமைமயிர், காதுமடல் எல்லாம் திருநீறு பூசியதுபோல் சாம்பல். மூக்கை மறைக்கக் கைக்குட்டைகூட இல்லை. வலது மணிக்கட்டில் தைப்பூசத்துக்குக் கட்டிய மஞ்சள் கயிறு. அதன் நுனி, சுற்றும் துணிச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பிக்கு மாஸ்க் கொடுக்கலையா அண்ணே?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"சின்ன வேலைதானே! அரைமணி நேரத்துல முடிஞ்சிரும்" என்றார்.

பினாங்கில் பழைய மோட்டார் சைக்கிள்கள்மேல் இருக்கும் பாசம் தெரிந்ததுதான். சிறுவயதில் சீனாவிலிருந்து வந்து பஸ் கழுவிய லோ பூன் சியூ, 1950களின் இறுதியில் ஹோண்டாவை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது இந்தத் தீவிலிருந்துதான். தோட்டத்துக் கங்காணியும் துறைமுகத்துக் கூலியும் முதன்முதலில் வாங்கிய வண்டி கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிள். இன்று பேரப்பிள்ளைகள் அவற்றைத் தூசி தட்டி எடுத்துப் பளபளக்க வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அலுமினியத்தை உரித்து மினுக்கும் அந்தச் சின்ன வேலைக்குள் ரசாயனம், சுழல் சக்கரம், தீப்பிடிக்கும் தூசி, எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. 'சின்ன' என்ற ஒரே சொல்லால் அவை யார் கணக்கிலும் வராமல் போகின்றன.

முதலில் உரிப்பது. அந்தக் கால ஜப்பானிய வண்டிகளின் எஞ்சின் கவர்கள் பலவற்றைத் தொழிற்சாலையிலேயே மினுக்கி, மேலே மெல்லிய கிளியர் பூச்சு கொடுத்திருப்பார்கள். நம் ஊர் உப்புக்காற்றில் நாற்பது வருடம் கிடந்தால் அது பழுத்துப்போகும். எங்கேயாவது ஒரு கீறல் விழுந்திருக்கும். ஈரம் அதன் வழியே இறங்கி, பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம்போல் அரித்திருக்கும். பூச்சை எடுக்காமல் எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வராது. அதனால் எல்லோரும் நேரே வன்பொருள் கடைக்குப் போய்ப் பெயிண்ட் ரிமூவர் வாங்குகிறார்கள்.

டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். டைகுளோரோமீத்தேன் அல்லது மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால், இரண்டும் ஒன்றே. வேகமாக வேலை செய்யும், பத்து நிமிடத்தில் பூச்சு சுருங்கி எழும்பும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. கதவை மூடிய குளியலறையில் குளியல் தொட்டிக்குப் பெயிண்ட் உரித்தவர்கள் அமெரிக்காவில் குனிந்த இடத்திலேயே இறந்து கிடந்திருக்கிறார்கள். பெயிண்ட் உரிப்பதற்காகப் பொதுமக்களுக்கு அதை விற்பதை அந்நாடு 2019-ல் தடை செய்தது. 2024-ல் மற்றப் பெரும்பாலான உபயோகங்களுக்கும் தடை விரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் முன்பே கட்டுப்படுத்திவிட்டது. மருந்துக்கடையில் விற்கும் நீல மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. சாதாரண நைட்ரில் கையுறையை அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பென்ஸைல் ஆல்கஹால் கலந்த ரிமூவரும் உண்டு. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஓர் இரவு விட்டுவைக்க வேண்டியிருக்கும். அப்பா வண்டிக்கு ஓர் இரவு கொடுத்தால் என்ன?

இன்னும் மோசமான குறுக்குவழிகள் இரண்டு. ஒன்று காஸ்டிக் சோடா. அலுமினியத்தில் பட்டதும் நுரைத்து, சூடாகி, ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். பூச்சோடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிட்டுக் கறுத்த பிசுக்கை விட்டுவைக்கும். மற்றது, ரிம் வெளுக்கவும் துரு எடுக்கவும் விற்கும் அமிலத் திரவங்கள். அவற்றுள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. பட்டவுடன் எரியாமலும் இருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், அதற்குள் அது தோலுக்கு அடியில் இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளங்கை அளவு பட்டால்கூட இதயம் பாதிக்கலாம். உடனே தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். டாக்டரிடம் திரவத்தின் பெயரைச் சொன்னால்தான் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கிடைக்கும், டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணில் எது தெறித்தாலும் ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம். தேசிய நச்சு மையம் நம் தீவிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் இலவச எண் 1-800-88-8099. மூச்சுத் திணறினால் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் 999.

ஆபத்தான ரசாயனம் விற்கும்போது தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை லேபிள் இருக்க வேண்டும் என்பது 2013-ன் ஒழுங்குவிதி. பட்டறைகளில் நடப்பதோ வேறு. பெரிய டின்னிலிருந்து மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி மேசைமேல் வைத்திருப்பார்கள். தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு அது தண்ணீர்தான்.

அடுத்தது சக்கரம். எட்டு அங்குலத் துணிச் சக்கரம் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 109 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நெடுஞ்சாலை வேகம்! கவரின் கூர்மையான விளிம்பைச் சக்கரத்தின் மேல்பாதியில் காட்டினால், அது பிடுங்கி முகத்திலோ காலிலோ அடிக்கும். பழகியவர்கள் கீழ்ப்பாதியில், விளிம்பு தங்களை விட்டு விலகும் திசையில்தான் பிடிப்பார்கள். துணிக் கையுறை, மோதிரம், சங்கிலி, தொளதொள சட்டை, கோயில் கயிறு எதுவும் கூடாது. நூல் மாட்டினால் கை சேர்ந்து போகும். அந்தத் தம்பியிடம் கயிற்றைக் காட்டினேன். சாமி கயிறு, அறுக்கக் கூடாதென்றான். சட்டைக் கைக்குள் மடித்து டேப் சுற்றச் சொன்னேன், சுற்றிக்கொண்டான்.

தூசி விஷயத்தில் ஒரு பெயரை மறக்கக் கூடாது: குன்ஷான். சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில், 2014 ஆகஸ்ட் 2 காலையில், கார்களின் அலுமினியச் சக்கரங்களை மினுக்கும் தொழிற்சாலை வெடித்தது. 146 பேர் இறந்தார்கள். குண்டும் இல்லை, எரிவாயுவும் இல்லை. மினுக்கும்போது பறந்த தூசிதான். தூசி சேகரிக்கும் கருவியை நெடுநாள் சுத்தம் செய்யவில்லை, அதன் உருளை துருப்பிடித்திருந்தது, உள்ளே ஈரமான அலுமினியப் பொடி தானாகவே சூடேறியது என்று விசாரணையில் தெரியவந்தது. நம் ஐந்தடிப் பட்டறை குன்ஷான் அல்ல. ஆனால் காற்றில் மிதக்கும் நுண்ணிய அலுமினியத்துக்குத் தீப்பொறி பட்டால் போதும் என்ற இயல்பு எங்கும் ஒன்றுதான். காகிதக் கிளிப் கம்பியின் தடிமனுக்குத் தூசி படிந்தாலே அபாயம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டிகள் கணக்கு வைத்திருக்கின்றன. அந்தப் பட்டறையின் சட்டகத்தில் படிந்த தூசியில் விரலால் என் பெயரை எழுதியிருக்கலாம்.

இரும்பு அறுக்கும் கிரைண்டரையும் அலுமினிய பஃபையும் பக்கத்தில் வைத்து ஓட்டாதீர்கள், ஒரே தூசிப்பையில் சேர்க்காதீர்கள். இரும்புப் பொறியும் துருவும் அலுமினியப் பொடியும் சேரவே கூடாத கூட்டணி. எரியும் பொடியின்மேல் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு சீறும். உலர்ந்த மணல் வாளி ஒன்று அருகில் இருக்கட்டும். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் மாடித்தளம் பலகை. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். 2008-ல் உலகப் பாரம்பரிய நகரம் என்று பட்டியலில் ஏறியது இந்த வரிசை வீடுகள்தாம்.

வீட்டில் செய்பவருக்கு என் சிபாரிசு கைதான். சோப்புத் தண்ணீரில் நனைத்த மணல்தாள், 400-ல் தொடங்கி 600, 800, 1,000 என்று ஏறி, கடைசியில் குத்துவிளக்குக்குப் போடும் பிராஸோ போல ஒரு பாலிஷ். ஈரத்தில் தேய்த்தால் தூசி எழும்பாது. கவர் ஒன்றுக்கு இரண்டு மாலை ஆகும். அந்தக் கறுத்த தண்ணீரையும் ரிமூவர் கசடையும் மட்டும் கால்வாயில் கொட்டாதீர்கள். 2019 மார்ச்சில் ஜொகூரின் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனத்தால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி, 111 பள்ளிகள் மூடப்பட்டன. நம் கால்வாய்கள் சுங்கை பினாங்குக்குப் போகின்றன.

பழைய டிரம் பிரேக்கைத் திறந்து ஹப்பை மினுக்குவோர் கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதக் கூடாது. அக்கால பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிவிடுங்கள். ஆற்று மணலை வைத்து 'சாண்ட் பிளாஸ்ட்' அடிப்பவரிடம் போகவே வேண்டாம். சிலிகா தூசி நுரையீரலைக் கல்லாக்கும் என்று பிரிட்டன் 1949-லேயே அதற்குத் தடை விதி போட்டது.

இனி அந்தத் தம்பியின் கதை. முன்பெல்லாம் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிட்ட துறைகளுக்குத்தான். 2024 ஜூன் 1 முதல், திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணி, ராணுவம், கப்பல் போன்ற சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஐந்தடிப் பட்டறையும் அதில் அடக்கம். முதலாளி கடமை தவறினால் அபராத உச்சம் 50,000 வெள்ளியிலிருந்து 5,00,000 வெள்ளியாக ஏறிவிட்டது. உடனடி ஆபத்து இருக்கிறதென்று நியாயமாக நம்புகிற தொழிலாளி, முதலாளி எதுவும் செய்யாதபோது அந்த இடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமையும் புதிதாக வந்திருக்கிறது. புகாரை ஜே.கே.கே.பி. எனும் பாதுகாப்புத் துறையிடம் கொடுக்க வேண்டும். தம்பிக்கு உண்மையிலேயே பதினேழுதான் என்றால், இன்னொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது.

விரல் போன பிறகு பேசுவது சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் முதலாளி பதிந்து சந்தா கட்ட வேண்டும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு உதவித்தொகையாக வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்து முறையான பெர்மிட்டில் வேலை செய்பவர்களுக்கும் 2019 ஜனவரி முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. தனியாளாகப் பட்டறை நடத்தும் பொமென்கள், அதாவது மெக்கானிக்குகள், சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சேரலாம். 'எனக்கு என்ன ஆகப்போகுது' என்று சேராமல் இருப்பவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

வண்டிக்காரர் பக்கம் வருவோம். எஞ்சினை முழுசாகக் கொடுக்குமுன் அதில் பொறித்த எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். கிராண்ட் எனும் வண்டிப் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் கிரேங்க்கேஸில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பஃப் சக்கரம் ஓர் எழுத்தை மழித்துவிட்டால் அது திருட்டு வண்டிபோல் தெரியும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.-யில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடி மணி வைத்துப் பிளாஸ்ட் அடித்தால், உள்ளே தங்கும் மணி ஒன்றே பேரிங்கைத் தின்றுவிடும்.

என் கவர்கள் திரும்பி வந்தபோது கண்ணாடிபோல் மின்னின. மாட்டி ஓட்டிய மூன்றாம் நாள் ஒன்றில் எண்ணெய் கசிந்தது. கேஸ்கெட் உட்காரும் சமதளத்தையும் சேர்த்து மினுக்கி, விளிம்பை உருட்டிவிட்டிருந்தார்கள். ரசீதில் ஒரே வரி: 'போலிஷ் 180'.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். கெடுத்தால் சரிசெய்து தரச் சொல்லலாம். மறுத்தால் வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்கு போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் கிடையாது, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். எழுதத் தெரியவில்லை என்றால் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 1969-ல் தொடங்கியது, எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-ல் மறையும்வரை தலைமை தாங்கிய சங்கம். தமிழிலேயே பேசலாம்.

நான் மன்றம்வரை போகவில்லை. மன்றத்தின் படிவம் 1-ஐ நிரப்பி, கவரின் படங்களோடு பட்டறை மேசையில் வைத்தேன். முதலாளி படித்தார், தலையைச் சொறிந்தார். "லோரோங் கூலிட்டில் பார்த்துத் தரேன் அண்ணே" என்றார். அடுத்த ஞாயிறு அந்தப் பழஞ்சந்தையில் இருவரும் சேர்ந்தே தேடினோம். அதே மாடல் கவர் ஒன்று, யாரும் தொடாதது, கிடைத்தது. அவர் காசிலேயே வாங்கினார். பட்டறையில் தம்பி முகமூடி போட்டிருந்தான், கண்ணாடியும்.

அந்தக் கவர்தான் இப்போது வண்டியில் இருக்கிறது. பூச்சு மஞ்சள் பழுத்து, ஓரத்தில் புழுத் தடத்தோடு, அப்படியே.