உங்களுக்குத் தெரியுமா? மூச்சும் விசையாகும்!
கைகால் அசையாதவரும் துப்பாக்கி சுடலாம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகள் சிலருக்குச் சக்கர நாற்காலியிலேயே துப்பாக்கித் தாங்கி உண்டு. வாயிலுள்ள குழலை உறிஞ்சினாலோ ஊதினாலோ குண்டு பாயும்.

தீபகற்ப மலேசியாவில் பெருவிலங்கு வேட்டைப் பேச்சே வேண்டாம்: புலி, யானை, செலாடாங் எனும் காட்டெருது மூன்றையும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் முழுமையாகக் காக்கிறது. நல்லதுதான்!

குறி பார்க்கும் ஆசைக்கு வில் இருக்கிறதே. 2019இல் நெதர்லாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான உலக வில்வித்தைப் போட்டியில் தங்கம் வென்றவர் நம் சுரேஷ் செல்வத்தம்பி.

பார்வையற்றோர் அம்பு எய்வது எப்படி? முக்கால் தாங்கியிலிருந்து நீளும் முனை புறங்கையில் படும். கண்ணுக்குப் பதில் அந்தத் தொடுகையை வைத்தே குறி பார்ப்பார்கள்.