ரக்னரோஸைப் பார்க்கப் போகும் 40 பேர்

எரிமலையின் அடிவயிற்றில் ஒரு குகை. வழிநெடுக ஒன்பது காவலர்கள். கடைசியில் தீக்குழம்பிலிருந்து இடுப்பு வரை எழுந்து நிற்கிறான் ரக்னரோஸ். அவனை வீழ்த்த 40 பேர் 40 கணினிகளின் முன் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டு 2004 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தபோதே 'மோல்ட்டன் கோர்' என்ற இந்தக் குகை அதில் இருந்தது. ரக்னரோஸ் முதன்முதலாக வீழ்ந்தது 2005 ஏப்ரலில். ஐந்து மாதம் ஆகியிருந்தது.

2019 ஆகஸ்டில் பிளிசார்டு நிறுவனம் அதே பழைய விளையாட்டை 'கிளாசிக்' என்ற பெயரில் மறுபடி திறந்தது. எல்லோரும் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு வாரம் நிறைவதற்குள் ரக்னரோஸ் விழுந்துவிட்டான். பிற்காலத் திருத்தங்களால் வீரர்களின் திறன் அதில் சற்றுக் கூடியிருந்தது உண்மைதான். ஆனால் பெரிய வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது என்பேன். எதை எடுத்துப் போவது, யார் எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்பதெல்லாம் பல்லாயிரம் பேர் தோற்றுத் தோற்றுச் சேர்த்து வைத்த அறிவாக அதற்குள் கைக்கு வந்திருந்தது. விளையாடுபவர்கள் 'ரெய்டு' என்று சொல்லும் இந்தக் கூட்டுப் படையெடுப்பில் பாதி ஆட்டம் குகைக்கு வெளியே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

ரெய்டில் மூன்று வேலைகள். எதிரியின் அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்பவர் டேங்க். அடிபட்டவர்களின் உயிரை ஏற்றிக்கொண்டே இருப்பவர் ஹீலர். மற்றவர்கள் எதிரியைத் தாக்குபவர்கள். டிபிஎஸ் என்று அவர்களைச் சொல்வார்கள். அரக்கன் யாரை அடிப்பான் என்பதற்கு உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. ஒவ்வொரு தாக்குதலும் ஒவ்வொரு சிகிச்சையும் அதைச் செய்தவர் மேல் அவனுடைய ஆத்திரத்தைக் கூட்டும். ஆத்திரம் யார் மேல் அதிகமோ அவர் பக்கம் திரும்புவான். டேங்க்கைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு மிஞ்சினால் அருகில் நிற்பவர் மேலும், முப்பது பங்கு மிஞ்சினால் தொலைவில் நிற்பவர் மேலும் பாய்கிறான் என்பதை வீரர்களே சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கணக்கைத் திரையில் காட்டும் துணைநிரல்களையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள். அப்புறம் தாக்குபவர்களுக்குப் பொறுமையும் ஒரு திறமையாயிற்று. டேங்க் முதலில் நாலு அடி போட்டு ஆத்திரத்தைச் சேர்த்துக்கொள்ளும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

கல்யாண வீட்டில் பந்திக்கு முதல் நாளே காய் நறுக்க உட்கார்வதுபோல, ரெய்டு இரவுக்கு நாலைந்து நாள் முன்பே வேலை ஆரம்பமாகிவிடும். குகைக்குள் நுழையும் உரிமையை ஒவ்வொருவரும் தனித்தனியே சம்பாதிக்க வேண்டும். அதற்கு 'பிளாக்ராக் டெப்த்ஸ்' என்ற நிலவறையின் அடி வரை இறங்கி ஒரு கல்துண்டை எடுத்துவர வேண்டும். ரக்னரோஸின் தளபதியை வெளியே வரவழைக்க, குகைக்குள் ஏழு இடங்களில் எரியும் குறிகளை நீர் ஊற்றி அணைக்க வேண்டும். சாதாரண நீர் உதவாது. அஸ்ஷாரா கடற்கரைக்கு அப்பால் ஒரு சிறு தீவில் நிற்கும் நீர்ப்பூதத்திடம் நல்ல பெயர் வாங்கி, அதனிடம் பெற்றுவர வேண்டும். அந்த நல்ல பெயருக்கும் பல நாள் உழைப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் பொருள்கள். பூசாரி பாத்திரம் மெழுகுவர்த்தி கொண்டுவர வேண்டும். 40 பேரும் ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழுக்கள். ஒரு மெழுகுவர்த்தியைச் செலவழித்து ஒரு குழுவின் உயிர்ச்சக்தியை ஒரு மணி நேரத்துக்கு உயர்த்தலாம். எட்டுக் குழுவுக்கு எட்டு. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எட்டு. எல்லோரும் செத்து எழுந்தால் இன்னும் எட்டு. மந்திரவாதி தன் மந்திரத்தால் குடிநீர் உண்டாக்கி வரிசையாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு நிற்பார். வில்லாளி அம்புக்கட்டு வாங்கி நிரப்ப வேண்டும். வார்லாக் என்ற பாத்திரத்தின் பாடு இன்னும் அதிகம். ஊரெல்லாம் அலைந்து மிருகங்களைக் கொன்று உயிர்த்துண்டுகளைச் சேர்க்க வேண்டும். பையில் ஒவ்வொரு துண்டும் தனி இடத்தைப் பிடிக்கும். வராதவரை வரவழைக்க ஒரு துண்டு. ஆபத்தில் விழுங்கும் உயிர்க்கல்லுக்கு ஒரு துண்டு. செத்தாலும் ஒரு முறை எழும் வரத்தை ஒருவருக்குக் கொடுக்க இன்னொரு துண்டு. அந்த வரம் பெரும்பாலும் பூசாரிக்கே போகும். மொத்தப் படையும் மடிந்தால் அவர் ஒருவர் எழுந்து மற்றவர்களை எழுப்புவார். அது இல்லையென்றால் ஆவியாகி இடுகாட்டிலிருந்து குகை வரை ஓடிவர வேண்டும்.

மருந்துகளும் உண்டு. விலை உயர்ந்தவை பிளாஸ்க்குகள். மற்ற ஊக்கங்கள் சாவோடு போய்விடும். பிளாஸ்க் செத்தாலும் நிற்கும், இரண்டு மணி நேரம் வரை. அதற்கு வேண்டிய கருந்தாமரை சில நிலப்பகுதிகளில் மட்டுமே, அதுவும் எப்போதாவது பூக்கும். ஒரு பூவுக்காக இரவெல்லாம் குதிரையில் சுற்றியவர்கள் உண்டு. டேங்க்குக்கு இன்னொரு கவலை. நெருப்பைத் தாங்கும் கவசங்களைத் தேடித் தேடி 315 என்ற உச்ச எண்ணைத் தொட்டால், தீயின் வேகத்தில் சராசரியாக முக்கால் பங்கு கழியும். ஆனால் அந்தக் கவசங்கள் மற்ற வகைகளில் பலவீனமானவை. எதை விட்டு எதை அணிவது என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட வேண்டியதுதான்.

அடுத்தது பாடம் படிப்பது. குகைக்குள் ஒவ்வொரு காவலனும் ஒரு தனிப் புதிர். முதலாமவன் லூசிஃப்ரான் சாபமிடுவான். சாபத்தை எடுக்கத் தெரிந்தவர் யார் எந்தக் குழுவைப் பார்த்துக்கொள்வது என்று முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவன் மக்மடார் என்ற இரட்டைத் தலை நாய். அதற்கு வெறி பிடிக்கும். வெறியை அடக்கும் அம்பு வித்தையைக் கற்றுத்தரும் ஏடு லூசிஃப்ரானின் உடலிலிருந்துதான் கிடைக்கும். ஒரு பூட்டின் சாவியை முந்தைய பூட்டுக்குள் வைத்த இந்த வடிவமைப்பைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். கார் என்பவனைச் சுற்றி எட்டுக் கல்பூதங்கள். எந்தப் பூதத்தை எந்த வார்லாக் கட்டிவைப்பது என்று பெயர் சொல்லி ஒப்படைப்பார்கள். பாரன் கெடன் என்பவன் யாராவது ஒருவர் மேல் வெடிகுண்டாக மாறும் மந்திரத்தை ஏவுவான். அவர் சில நொடிகளுக்குள் கூட்டத்தை விட்டு ஓட வேண்டும். ஓடாமல் நின்றால் பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து போவார்கள். 40 பேரில் ஒருவர் அரட்டையில் கவனம் வைத்தால் போதும், இரவு முழுக்கப் பட்ட பாடு வீண்.

குழு பிரிப்பதும் ஒரு கலை. அந்தக் காலத்தில் விளையாட்டின் இரு அணிகளில் ஹோர்டு பக்கத்தில் மட்டுமே ஷாமன் என்ற பாத்திரம் உண்டு. அவர் நடும் டோட்டம் கம்பத்தின் பலன் அவருடைய ஐந்து பேர் குழுவுக்கு மட்டும். ஆகவே வாள்வீச்சுக்காரர்களோடு ஒரு ஷாமன், ஹீலர்களோடு ஒரு ஷாமன் என்று தலைவர் காகிதத்தில் அடித்தும் எழுதியும் பந்தி வைப்பார்.

பங்கீட்டையும் முன்பே பேசி முடிக்க வேண்டும். செத்த காவலன் விட்டுச் செல்வது இரண்டு மூன்று பொருள். நிற்பவர்கள் 40 பேர். எடுத்தவர் இன்னொருவருக்குக் கைமாற்றவும் முடியாது. இந்தச் சிக்கலுக்கு விடை 1999-இல் வெளியான 'எவர்குவெஸ்ட்' விளையாட்டின் வீரர்களிடமிருந்து வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் மதிப்பெண். சேர்ந்த மதிப்பெண்ணைச் செலவழித்துப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். அந்த விளையாட்டின் இரண்டு டிராகன்களை வைத்து அதற்கு 'டிராகன் கில் பாயின்ட்ஸ்', சுருக்கமாக டிகேபி, என்று பெயர் வைத்தார்கள். வாரம் தவறாமல் வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, தனக்கென்று எதுவும் கிடைக்காமல் போன ஒருவருக்கும் கணக்கில் ஏதோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்ற தெம்பை அது தந்தது. கூட்டங்கள் உடையாமல் இருந்ததில் இந்தக் கணக்குப் புத்தகத்துக்குப் பெரிய பங்குண்டு என்று நம்புகிறேன்.

இவ்வளவும் ஆனபின் எல்லோரும் குகைக்குள் ரக்னரோஸ் இருக்கும் தீக்குளத்தின் விளிம்பில் வந்து நிற்கிறார்கள். கவசங்கள் பழுது பார்த்தாயிற்று. ஒவ்வொரு சாவுக்கும் அவை பத்தில் ஒரு பங்கு தேயும். மெழுகுவர்த்தி எரிந்தாயிற்று. தலைவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். எல்லார் திரையிலும் 'தயாரா?' என்ற கேள்வி. முப்பத்தொன்பது 'ஆம்' வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. பின்வரிசையில் ஒரு ஹீலர் தரையில் உட்கார்ந்து, மந்திரவாதி கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார். யாரும் அடி எடுத்து வைக்கவில்லை. அவர் குடித்து எழுந்திருக்கட்டும் என்று நிற்கிறார்கள்.