சம்பளம் இல்லைதான்... ஆனா சட்டம் இருக்கு! அமெரிக்க சர்ச் கோடை முகாமுக்கு சேவை செய்யப் போறீங்களா?

ஜூன் பிறந்தால் அமெரிக்கப் பள்ளிகளுக்கு கோடை விடுமுறை. சர்ச்சுகளில் குழந்தைகளுக்கான 'விபிஎஸ்', அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டும். நம்ம ஊர் சர்ச்சுகளில் மே மாதம் நடக்குமே, அதேதான். பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு, நடுவில் நொறுக்குத்தீனி. பெரும்பாலும் 5 நாள், அதுவும் அரை நாள்.

இதன் தொடக்கக் கதையே சுவாரஸ்யம். 1898-ல் நியூயார்க்கில் தெருவில் சுற்றிய குழந்தைகளுக்காக எலிசா ஹாஸ் என்ற பெண்மணி வகுப்பு நடத்த நினைத்தார். அவருக்கு வாடகைக்குக் கிடைத்த இடம் ஒரு மதுக்கூடம்!

இங்கிருந்து தன்னார்வலராகப் போக நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது விசாவில்தான். 'காசு வாங்கப்போறதில்லையே, ஊர் சுற்றிப் பார்க்க வர்றேன்னு சொல்லிக்கலாம்' என்ற நினைப்பு வேண்டாம்.

மத அமைப்பு அல்லது லாப நோக்கமற்ற தொண்டு அமைப்பின் உறுப்பினர், அதன் சேவைத் திட்டத்தில் பங்கேற்க பி-1 விசாவில் போகலாம். அங்கே சம்பளம் வாங்கக்கூடாது. தங்கும் செலவுக்கான படி, செய்த செலவைத் திரும்பப் பெறுவது, இவை மட்டும் ஓகே. நன்கொடை திரட்டுவதும் பொருள் விற்பதும் கூடாது. இந்தியர்களுக்கு பி-1, பி-2 இரண்டும் பெரும்பாலும் ஒரே விசாவாகவே கிடைக்கும். அதனால்தான் நேர்காணலிலும், அங்கே போய் இறங்கும் ஏர்போர்ட்டிலும் உண்மையான காரணத்தைச் சொல்வது முக்கியம். பொய் சொல்லி மாட்டினால் விசா ரத்தாகலாம். உடனடி வெளியேற்ற உத்தரவு போட்டால் 5 வருடம் உள்ளே நுழையத் தடை.

குழந்தைகள் வாரக்கணக்கில் தங்கும் கோடை முகாம் வேறு கதை. அங்கே கவுன்சிலர் வேலைக்கு ஜே-1 விசா. 18 வயது ஆகியிருக்கணும், நல்ல ஆங்கிலம் வேணும், அதிகபட்சம் 4 மாதம். அமெரிக்க வெளியுறவுத்துறை அங்கீகரித்த ஸ்பான்சர் வழியாக மட்டுமே போக முடியும். முக்கியமான விஷயம், இதில் அமெரிக்க கவுன்சிலர்களுக்கு நிகரான சம்பளம் உண்டு. சமையல், பாத்திரம் கழுவுதல், ஆபீஸ் வேலைக்கென்று இந்த விசாவில் ஆள் எடுக்க முடியாது. 'கேம்ப் கிச்சன்ல வேலை, ஜே-1 கவுன்சிலர் விசா நாங்க எடுத்துத் தர்றோம்' என்று ஏஜென்ட் சொன்னால் உஷார்.

"குழந்தையைத் தூக்கக்கூடாதா?"

நம்மவர்களுக்கு அதிர்ச்சி தருவது இந்தப் பகுதிதான். இங்கே குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவோம், மடியில் உட்காரவைத்துக் கதை சொல்வோம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. அங்கே பல சர்ச்சுகளில் ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கவே கூடாது. உறவினர் அல்லாத 2 பெரியவர்கள் அறையில் இருக்கணும். பாத்ரூம் கூட்டிப்போவதற்கும் விதி உண்டு. குழந்தையை செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தால் அன்றோடு சேவை முடிந்துவிடலாம். வீட்டிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாயையும் நீட்டாதீர்கள். வேர்க்கடலை அலர்ஜி அங்கே உயிர்ப் பிரச்சினை.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. பாதிரியார்களின் பாலியல் குற்றங்கள் மூடிமறைக்கப்பட்டது அம்பலமான பிறகு, 2002-ல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் டல்லாஸில் கூடி குழந்தைகள் பாதுகாப்புச் சாசனத்தை ஏற்றார்கள். 2022-ல் சதர்ன் பாப்டிஸ்ட் சபையிலும் இதே போன்ற மூடிமறைப்பு விசாரணை அறிக்கையில் வெளிவந்தது. 'சர்ச் ஆள்தானே' என்ற நம்பிக்கையால் குழந்தைகள் கொடுத்த விலை அது. எனவே உங்கள் பின்னணியை அவர்கள் விசாரித்தால் கோபப்படாதீர்கள். சொல்லப்போனால், எதையுமே விசாரிக்காமல் 'வாங்க வாங்க' என்று கூப்பிடும் இடத்தைத்தான் சந்தேகப்படணும். போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்டால், பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம்.

ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால்? டெக்சாஸ், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் யாராக இருந்தாலும் அரசுக்குத் தகவல் சொல்வது சட்டப்படி கட்டாயம். பாஸ்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது.

கிளம்பும் முன், பி-1 விசாவில் போகிறவர்கள் அழைக்கும் அமைப்பிடம் கடிதம் வாங்கிவிடுங்கள். உங்கள் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், நிரந்தர முகவரி, அமெரிக்காவில் முதலில் போய்ச் சேரும் இடத்தின் பெயர், முகவரி, எத்தனை நாள் சேவை என்பதெல்லாம் அதில் இருக்கணும். பிரதியை செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.